துண்டு விரிக்கும் முன் வழியைக் கேட்போம்: வெளிநாட்டுப் பேரிடர் நிதியும் நம் இளைஞர்களும்

உலகின் ஏதோ ஒரு மூலையில் நிலம் நடுங்கினாலும் வெள்ளம் புகுந்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமை நம் பள்ளிவாசல் வாசலில் அது தெரிந்துவிடும். ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது நாலு இளைஞர்கள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். மேலப்பாளையமாக இருந்தாலும் பேட்டையாக இருந்தாலும், கடையநல்லூர், ஏர்வாடி, பத்தமடை என்று எந்த ஊராக இருந்தாலும் இந்தக் காட்சி நமக்குப் புதிதல்ல. வீட்டில் பீடி சுற்றும் தாய்மார்கூட வாரச் சம்பளத்திலிருந்து ஐம்பதோ நூறோ பிள்ளைகளிடம் கொடுத்து அனுப்புகிறார்கள்.

அந்த நூறு ரூபாய் எப்படிப் போய்ச் சேருகிறது? இதைக் கேட்பதை நம்மில் பலர் சந்தேகப்படுவதாக எண்ணிக் கூச்சப்படுகிறோம். கொடுக்கப்பட்டது அமானிதம். அமானிதத்தைப் பற்றிக் கேட்பது குற்றமல்ல, கேட்கும் முன்பே சொல்வதுதான் வசூலிப்பவரின் கடமை. வெளிநாட்டுப் பேரிடருக்கு நிதி திரட்ட நினைக்கும் இளைஞர் குழுக்களுக்கும், கொடுக்கும் குடும்பங்களுக்கும் தேவையான செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

கண் முன்னே குவிந்த இரண்டு குவியல்கள்

முளர் கோத்திரத்தைச் சேர்ந்த ஏழைகள் சிலர் உடுக்கச் சரியான உடையின்றி மதீனாவுக்கு வந்த நிகழ்ச்சியை ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முஸ்லிம் நூலில் இது பதிவாகியுள்ளது. அவர்களின் நிலையைக் கண்டு நபி (ஸல்) அவர்களின் முகம் மாறியது. தொழுகைக்குப் பின் மக்களைத் தர்மம் செய்யத் தூண்டினார்கள். அன்சாரிகளில் ஒருவர் தூக்க முடியாத பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அவரைப் பின்பற்றி மற்றவர்களும் கொடுக்க, உணவும் உடையுமாக இரண்டு குவியல்கள் சேர்ந்தன. நபியவர்களின் முகம் மலர்ந்தது.

இளைஞர்களின் வசூலுக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி இல்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அன்று கொடுத்தவர், பெற்றவர், கொடுக்கப்பட்ட பொருள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில், எல்லோர் கண் முன்பும் இருந்தன. இன்று கொடுப்பவர் நெல்லையில் இருக்கிறார், பெறுபவர் துருக்கியிலோ இலங்கையிலோ இருக்கிறார். கண் பார்க்க முடியாத இடத்தில் கண்ணின் வேலையைக் கணக்குதான் செய்ய வேண்டும்.

பெற்றவர்களாகவும் நாம் இருந்திருக்கிறோம்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பகுதி மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியது. நெல்லை சந்திப்புப் பகுதி தண்ணீரில் மூழ்கியது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் செந்தூர் விரைவு ரயிலின் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். பள்ளிவாசல்களும் மண்டபங்களும் தங்குமிடங்களாயின. செய்துங்கநல்லூரில் பள்ளிவாசலில் இந்துச் சகோதரர்களின் குடும்பங்கள் தங்கவைக்கப்பட்டது செய்திகளில் வந்தது.

வெளியூர்களிலிருந்து வந்த உதவியைப் பெற்றுக்கொண்ட நமக்கு, தேவை எது, தேவையற்றது எது என்பது அனுபவமாகவே தெரியும். முதல் இரண்டு நாளில் வேண்டியது குடிதண்ணீரும் சமைத்த உணவும். அடுத்து பாய், போர்வை, பால்மாவு, மருந்து. அதற்குப் பிறகு, நனைந்துபோன வீட்டை மீண்டும் நிமிர்த்தப் பணம். 2004 சுனாமியின்போது நாகை கடற்கரையில் பழைய துணிகள் சாலையோரம் மலையாகக் குவிந்து, எடுப்பாரின்றிக் கிடந்ததும் நம் நினைவில் இருக்கிறது. அனுப்பியவர்களின் எண்ணம் நல்லதுதான். தேவையைக் கேட்காமல் அனுப்பியதுதான் பிழை.

நூறு ஆண்டுக்கு முந்திய பாடம்

கடல் கடந்த துயரத்துக்கு இந்திய முஸ்லிம்கள் நிதி திரட்டுவது இன்று தொடங்கியதல்ல. 1912இல் பால்கன் போர் மூண்டபோது, டாக்டர் எம்.ஏ. அன்சாரி தலைமையில் ஒரு மருத்துவக் குழு துருக்கிக்குப் போனது. பொதுமக்களின் நன்கொடையில் புறப்பட்ட குழு அது. அலிகரில் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் பலர் அதில் சேர்ந்தார்கள். 1913இல் வேலை முடித்துத் திரும்பினார்கள். எதற்காகப் பணம் வாங்கினார்களோ அந்த வேலை நடந்தது, நடந்ததை நாடே அறிந்தது.

அதே தலைமுறையில் வேறொரு பாடமும் இருக்கிறது. கிலாஃபத் இயக்கக் காலத்தில் துருக்கிக்கென்று நாடு முழுவதும் பெரும் நிதி திரண்டது. பெண்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். பின்னர் 1920களின் தொடக்கத்தில் கணக்கைப் பார்த்தபோது, மத்திய கிலாஃபத் கமிட்டியின் தலைவராக இருந்த பம்பாய் வணிகர் சேட் சோட்டானியின் தொழிலில் சுமார் 16 லட்சம் ரூபாய் முடங்கியிருந்தது தெரியவந்தது. அதற்கு ஈடாக அவர் தம் மரஆலைகளை ஒப்படைத்தார். ஆனால் உடைந்த நம்பிக்கை திரும்பவில்லை. அதன்பின் கமிட்டி கைநீட்டியபோது மக்களின் கை முன்போல நீளவில்லை.

சோட்டானி சமுதாயத்துக்காகத் தாமும் அள்ளிக் கொடுத்தவர் என்பதை மறக்கக் கூடாது. நல்லவர் கையில் இருக்கிறது என்பதால் மட்டும் பணம் பத்திரமாகிவிடாது. ஒருவர் கையில், அவருடைய சொந்தப் பணத்தோடு கலந்து இருந்ததுதான் அங்கே நடந்த தவறு. இன்று ஒரு சகோதரரின் ஜிபே எண்ணை எல்லாக் குழுக்களிலும் பகிர்ந்து வசூலிக்கும்போது நாமும் அதே தவறைத்தான் செய்கிறோம்.

அரசே நடந்த வழி

2022இல் இலங்கை பொருளாதார நெருக்கடியில் தவித்தபோது தமிழ்நாடு உதவிய விதம் எல்லோரும் அறிய வேண்டிய முன்னுதாரணம். 40 ஆயிரம் டன் அரிசி, 500 டன் பால்மாவு, உயிர்காக்கும் மருந்துகள் என மொத்தம் சுமார் 123 கோடி ரூபாய் மதிப்பில் உதவி திட்டமிடப்பட்டது. வெளிநாட்டு விவகாரம் ஒன்றிய அரசின் அதிகாரத்தில் இருப்பதால் மாநில அரசு தானாக அனுப்பிவிட முடியவில்லை. ஏப்ரல் 29ஆம் தேதி சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றி, ஒன்றிய அரசின் அனுமதியைப் பெற்ற பிறகே மே 18ஆம் தேதி சென்னையிலிருந்து முதல் கப்பல் புறப்பட்டது. அடுத்த கப்பல் ஜூன் மாதம் நம் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து கிளம்பியது. இலங்கையில் இந்தியத் தூதரகத்தின் வழியாக உதவி ஒப்படைக்கப்பட்டது. முதலமைச்சர் விடுத்த வேண்டுகோளை ஏற்றுப் பொதுமக்களும் பொது நிவாரண நிதிக்குப் பணம் அனுப்பினார்கள்.

ஒரு மாநில அரசே அனுமதி கேட்டுத்தான் அனுப்ப முடிந்தது என்றால், பத்து இளைஞர்கள் சேர்ந்த ஒரு குழு எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

சட்டம் என்ன சொல்கிறது?

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் (ஃபெமா) கீழ் வருகிறது. இந்தியாவில் வசிக்கும் தனிநபர் ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் அமெரிக்க டாலர் வரை, நன்கொடை உட்பட அனுமதிக்கப்பட்ட காரணங்களுக்கு, வங்கி மூலம் அனுப்பலாம். பான் எண் வேண்டும், ஏ2 படிவம் நிரப்ப வேண்டும். இந்தச் சலுகை தனிநபருக்கு மட்டுமே. டிரஸ்டுக்கோ சங்கத்துக்கோ கிடையாது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஊரில் வசூலித்த பணத்தை ஒரு சகோதரர் தன் கணக்கில் போட்டு, தன் பெயரில் வெளிநாட்டுக்கு அனுப்பிவிடலாம் என நினைக்கிறார்கள். அனுப்பும் பணம் தன்னுடையது என்று அவர் வங்கியில் உறுதிமொழி தர வேண்டும். பலரிடம் வசூலித்த பணத்துக்கு அப்படி எழுதிக் கொடுப்பது பொய்யான வாக்குமூலம். சட்டத்துக்கு முன்பும் மார்க்கத்துக்கு முன்பும் அது தவறு.

ஹவாலா மூலம் அனுப்புவது இதைவிடப் பெரிய ஆபத்து. அந்தப் பணம் கடைசியில் யார் கைக்குப் போனது என்பதற்கு எந்தச் சான்றும் இருக்காது. போரும் கலவரமும் உள்ள நாடுகளுக்கு அப்படிப் பணம் போனால், நல்ல எண்ணத்தில் செய்தோம் என்ற பதில் விசாரணையில் போதாது. ஓர் இளைஞனின் படிப்பு, பாஸ்போர்ட், வேலை எல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும்.

பதிவு பெற்ற டிரஸ்டுகள் வருமான வரிச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். அறநிலையம் ஒன்று தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவிட்டால், மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் உத்தரவு இல்லாமல் அதற்கு வரிவிலக்கு கிடைக்காது என்பது அச்சட்டத்தில் உள்ள விதி. வக்ஃபு வருமானமும் அப்படித்தான். எந்த நோக்கத்துக்காக வக்ஃபு செய்யப்பட்டதோ அதற்கே செலவிட வேண்டும். எனவே முடிவெடுக்கும் முன் ஆடிட்டர் ஒருவரைக் கலந்துகொள்வது அவசியம்.

அப்படியென்றால் எப்படி உதவுவது?

ஊர் அளவிலான இளைஞர் குழுவுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன.

1. அரசு அறிவிக்கும் நிதி. 2022இல் நடந்ததுபோல அரசு நிதி ஏற்கும்போது அதில் சேர்ப்பது மிக எளிய, பாதுகாப்பான வழி.

2. கொடுப்பவரே நேரடியாகச் செலுத்துவது. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்பு குறிப்பிட்ட பேரிடருக்கு நிதி ஏற்கிறதா என்று விசாரித்து, அந்த அமைப்பின் கணக்கு விவரத்தை மட்டும் குழு பரப்பலாம். பணம் இளைஞர்கள் கைக்கே வராது. ரசீது கொடுத்தவர் பெயருக்கே வரும்.

3. தூதரகம் கேட்கும் பொருள்கள். 2023 பிப்ரவரி 6 நிலநடுக்கத்தில் துருக்கியில் மட்டும் 53 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது டெல்லியில் உள்ள துருக்கித் தூதரகம் நிவாரணப் பொருள்களைப் பெற்று அனுப்பியது. இந்திய அரசும் 'ஆபரேஷன் தோஸ்த்' என்ற பெயரில் மீட்புக் குழுக்களையும் ராணுவ மருத்துவமனையையும் அனுப்பியது. தூதரகம் பட்டியல் கொடுத்தால் அதில் உள்ளதை மட்டும், புதிதாக வாங்கி அனுப்ப வேண்டும். நெல்லையிலிருந்து டெல்லி வரையான லாரி வாடகை, பொருளின் விலையைத் தாண்டுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

4. அனுமதி பெற்ற பெரிய அமைப்பிடம் ஒப்படைப்பது. அந்த அமைப்பு வெளிநாட்டில் செலவிட எந்த அனுமதியின்படி இயங்குகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தர மறுத்தால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

கடல் கடக்கத் தேவையில்லாத வழியும் ஒன்று உண்டு. கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்கள் நம் நெல்லை மாவட்டத்திலேயே மறுவாழ்வு முகாம்களில் வாழ்கிறார்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் இலங்கையைத் தாக்கி 600க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அங்கே உறவினர்களை வைத்துக்கொண்டு இங்கே தவித்த குடும்பங்கள் எத்தனையோ இருந்திருக்கும். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியுடன் முகாம் பிள்ளைகளின் படிப்புக்கு உதவுவதும் பேரிடர் உதவிதான்.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு

நம் பகுதியில் வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ ஆள் இல்லாத வீடு குறைவு. ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் வசூல் அறிவிப்பு வந்ததும் முதலில் கை கொடுப்பவர்கள் அவர்களே. ஆனால் அமீரகத்தில் உரிமம் பெற்ற அமைப்புகளைத் தவிர வேறு யாரும் நன்கொடை திரட்டக் கூடாது. தனிநபர்கள் சமூக ஊடகத்தில் வேண்டுகோள் விடுப்பதும் கடும் அபராதத்துக்கு உரிய குற்றம். சவூதியிலும் அங்கீகரிக்கப்பட்ட தளங்கள் மூலம் மட்டுமே கொடுக்க வேண்டும். எனவே அங்கே வேலை செய்யும் தம்பியிடம், "உங்க கம்பெனி ஆட்கள்கிட்ட வசூல் பண்ணி அனுப்புப்பா" என்று சொல்வது அவனுடைய வேலைக்கே உலை வைக்கும். அவன் அங்கேயே, அந்நாட்டின் அங்கீகாரம் பெற்ற வழியில் கொடுக்கட்டும். நன்மை குறைந்துவிடாது.

கடையநல்லூர் மக்கள் 1941இலேயே சிங்கப்பூரில் முஸ்லிம் லீக் என்ற பெயரில் அமைப்பை ஏற்படுத்தியவர்கள். அந்த நாட்டில் வெளிநாட்டு நிவாரணத்துக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறக்கட்டளை ஆணையரின் அனுமதி தேவை. பள்ளிவாசல்களில் திரளும் நிதி 'ரஹ்மத்தன் லில் ஆலமீன்' அறக்கட்டளையின் வழியாகப் போகிறது. வசூலிக்கும் கைகள் பல, போகும் வழி ஒன்று. நம் மாவட்ட ஜமாஅத்துகளும் இப்படி ஒரே வழியை ஏற்படுத்திக்கொள்வதைப் பற்றிச் சிந்திக்கலாம்.

இங்கிருக்கும் குழுக்களும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளிநாட்டில் வாழும் இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வேறு நாட்டின் குடியுரிமை பெற்றுவிட்டவர், ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டவரே. அவரிடம் நன்கொடை பெற எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ வேண்டும்.

ஜகாத்தா, ஸதகாவா?

வசூலிக்கும்போதே இதைப் பிரிக்க வேண்டும். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் 9:60ஆம் வசனம் வரையறுக்கிறது. ஓர் ஊரின் ஜகாத்தை வேறு ஊருக்கு அனுப்புவதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி மத்ஹபில் வெளியே தேவை அதிகமாக இருந்தால் அனுப்பலாம். ஷாஃபி மத்ஹபின் பிரபலமான கருத்தின்படி, உள்ளூரில் தகுதியுடையவர்கள் இருக்கும்போது வெளியே அனுப்பக் கூடாது. நம் பகுதியில் இரு மத்ஹபினரும் இருக்கிறோம். எனவே அந்தந்த ஊர் ஆலிம்களிடம் கேட்டு நடப்பதே சரி.

ஸதகாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. எந்த மதத்தவருக்கும், எந்த ஊருக்கும் கொடுக்கலாம். எனவே பேரிடர் வசூலை ஸதகா என்று அறிவித்து நடத்துவது எளிது. ஜகாத் கொடுக்க விரும்புவோரின் பணத்தைத் தனி உறையில் வாங்கித் தனிக் கணக்கில் வைக்க வேண்டும்.

கொடுத்தவரின் எண்ணமும் முக்கியம். நிலநடுக்கத்துக்கென்று வாங்கியதில் மிச்சமானதைப் பள்ளிவாசல் வேலைக்கு மாற்றிவிட முடியாது. "மிச்சமானால் இன்ன வேலைக்குப் பயன்படுத்துவோம்" என்று வசூலுக்கு முன்பே அறிவித்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

கணக்கு நடத்தும் முறை

ஜகாத் வசூலிக்கப் போய்த் திரும்பிய ஒருவர், "இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகத் தந்தது" என்று பிரித்துச் சொன்னபோது நபி (ஸல்) அவர்கள் மேடையேறிக் கண்டித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வசூலிப்பவரிடம் நபியவர்கள் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். நம் குழுக்கள் பின்வருவனவற்றைப் பின்பற்றலாம்.

- முதலில் வழி, பிறகு வசூல். யாரிடம் ஒப்படைக்கப்போகிறோம் என்பதை எழுதி, ஜமாஅத் நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்ற பிறகே துண்டு விரிக்க வேண்டும்.
- தனிநபரின் கணக்கும் க்யூஆர் குறியீடும் வேண்டாம். ஜமாஅத் அல்லது பைத்துல்மாலின் வங்கிக் கணக்கில், இருவர் கையெழுத்துடன் இயங்க வேண்டும். முன்பின் தெரியாத பலரிடமிருந்து பணம் வந்து, அதில் ஒன்று மோசடிப் பணமாக இருந்தால் அந்தக் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.
- துண்டில் விழுந்த பணத்தைப் பள்ளிவாசலிலேயே, குறைந்தது மூன்று பேர் முன்னிலையில் எண்ணி, எழுதிக் கையெழுத்திட்டு, அடுத்த வேலை நாளில் வங்கியில் செலுத்த வேண்டும்.
- வசூலுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் வேண்டும். பேரிடர் முடிந்து ஆறு மாதமாகியும் பழைய நோட்டீஸ் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது.
- போக்குவரத்து, அச்சுச் செலவு ஆகியவற்றை வசூலிலிருந்து எடுப்பதா, வேறு ஒருவர் ஏற்பதா என்று முன்பே சொல்ல வேண்டும்.
- ஒப்படைத்த ரசீதின் நகலைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். வசூலித்த அதே இடத்தில், ஜும்ஆவுக்குப் பின் கணக்கை வாசிக்க வேண்டும்: மொத்த வசூல், செலவு, ஒப்படைத்த தொகை, ஒப்படைத்த நாள், மீதம். ஐந்தே வரிகள் போதும்.

கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

2025 ஆகஸ்டில் அகமதாபாத்தில், காஸா மக்களின் பெயரைச் சொல்லிப் பள்ளிவாசல்களில் வசூலித்துச் சொந்தச் சுகத்துக்குச் செலவிட்டதாக வெளிநாட்டவர் ஒருவரைக் காவல்துறை கைது செய்தது. பசியால் வாடும் குழந்தையின் படத்தைக் காட்டினால் நாம் கேள்வி கேட்க மாட்டோம் என்பது மோசடிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வரும் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யும் முன், யாருடைய பெயரில் கணக்கு இருக்கிறது என்று பாருங்கள். வாசலில் நிற்கும் பிள்ளைகளிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: யாரிடம் ஒப்படைப்பீர்கள்? ஜமாஅத்துக்குத் தெரியுமா? கணக்கு என்று வாசிப்பீர்கள்?

இளைஞர்களே, இந்தக் கேள்விகளைக் கேட்கும் பெரியவரிடம் கோபப்படாதீர்கள். உங்கள் துடிப்பை அணைக்க அவர் கேட்கவில்லை. அடுத்த முறையும் நீங்கள் துண்டு விரிக்கும்போது மக்கள் மனமுவந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறார். பீடித் தட்டின் முன் முதுகு வலிக்க உட்கார்ந்து சம்பாதித்த ஒரு தாயின் நூறு ரூபாய் உங்கள் கையில் இருக்கிறது. அது யாருக்கென்று கொடுக்கப்பட்டதோ அவரிடம் போய்ச் சேர்ந்தது என்று அந்தத் தாயிடம் சொல்லும் நாளில்தான் உங்கள் வேலை முடிகிறது.

நம் பிள்ளைகளின் உழைப்பை வல்ல அல்லாஹ் ஏற்றுக்கொண்டு, அமானிதத்தைப் பேணுபவர்களாக நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.